பாலம் தாண்டிய துறை

சித்தி மகன் சென்ற மாதம் கல்லூரி மாறினான். கிள்ளான் பக்கம் ஒரு தனியார் கல்லூரியிலிருந்து கோலாலம்பூரில் இன்னொன்றுக்கு. பாரங்களை நிரப்ப என்னிடம்தான் வந்தான். நம் நாட்டில் இதற்கு விதி இருக்கிறது. பழைய பாடமும் புதிய பாடமும் குறைந்தது 80 விழுக்காடு ஒத்திருக்க வேண்டும்; 'சி' கிரேடுக்குக் கீழே வாங்கியிருக்கக் கூடாது. அப்போதுதான் கிரெடிட் ஏறும். "அக்கா, ஆறு பாடம் படிச்சேன், நாலைத்தான் எடுத்துக்கிட்டாங்க. மிச்ச ரெண்டையும் மறுபடி படிக்கணுமாம்" என்றான். முகம் தொங்கிப்போயிருந்தது.

ஆறுதல் சொல்லும் சாக்கில்தான் அவனிடம் இந்தக் கதையை ஆரம்பித்தேன். ஒரு மாணவன் பல்கலைக்கழகம் மாறுவது சாதாரண விஷயம். பல்கலைக்கழகமே ஊர் மாறினால்? நம்முடைய மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு அதுதான் நடந்தது. அந்த மாற்றலில் தமிழுக்கு என்ன ஆனது என்பதை இரு கரைகளிலும் இருக்கும் நாம் சேர்ந்து பேசியதாக எனக்கு நினைவில்லை.

மலாயாப் பல்கலைக்கழகம் என்றால் என் தலைமுறைக்கு லெம்பா பந்தாய்தான். ஆனால் அது பிறந்தது சிங்கப்பூரில், 1949 அக்டோபர் 8 அன்று. கிங் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியையும் ராஃபிள்ஸ் கல்லூரியையும் இணைத்து உருவாக்கினார்கள். இதற்குப் பரிந்துரை செய்த கார்-சாண்டர்ஸ் குழுவுக்கு நிரந்தர வளாகம் ஜொகூர் பாருவில் அமைய வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. தீவுக்கும் தீபகற்பத்துக்கும் நடுவில், பாலத்தின் வாசலில். அது நடக்கவில்லை. நடந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியலுக்கு ஒரு துறை வேண்டும் என்ற பேச்சு வந்தபோது முதல் சண்டை ஊரைப் பற்றியதல்ல, மொழியைப் பற்றியது. ஆலோசனை சொல்ல அழைக்கப்பட்டவர் வரலாற்றாசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி. சோழர் வரலாற்றை அவரளவுக்கு உழைத்து எழுதியவர் குறைவு. அவரே சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரச் சொன்னார். இங்கிருந்த இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். ரப்பர் தோட்டத்திலும் துறைமுகத்திலும் ரயில்வேயிலும் உழைத்தவர்கள். சமஸ்கிருதம் அவர்களுக்கு வீட்டு மொழியுமல்ல, பள்ளி மொழியுமல்ல. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி விடவில்லை. பத்திரிகையில் கிளர்ச்சியைத் தொடங்கினார். எதிர்ப்போடு நிற்காமல் 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதியையும் திரட்டினார். துறைக்கு நூலகம் வேண்டும், நூல்கள் வேண்டும், அதற்குத் தமிழ் மக்களே பணம் தருவார்கள் என்பது அவர் கணக்கு. மக்கள் தந்தார்கள்.

அதே காலத்தில் சிங்கப்பூரில் இன்னொரு வசூலும் நடந்தது. நன்யாங் பல்கலைக்கழகத்துக்காக டிரைஷா ஓட்டியவர்கள் ஒருநாள் வருமானத்தை அப்படியே கொடுத்தார்கள். சீன மொழியில் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்பது அவர்கள் ஆசை. நாம் கேட்டது ஒரு துறை மட்டும். இரண்டு வசூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அன்றைய உழைப்பாளிகள் பல்கலைக்கழகம் என்ற சொல்லை எவ்வளவு சொந்தமாக நினைத்தார்கள் என்று புரிகிறது. வாசலைக்கூட மிதித்திராத இடத்துக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள்.

1956-இல் இந்திய ஆய்வியல் துறை சிங்கப்பூரில் தொடங்கியது. தமிழ் உள்ளே வந்தது.

மறு ஆண்டே மலாயா சுதந்திரம் பெற்றது. புதிய நாட்டின் தலைநகரில் பல்கலைக்கழகம் இல்லாமல் எப்படி? 1959 ஜனவரியில் மலாயாப் பல்கலைக்கழகம் இரண்டு பிரிவுகளானது, ஒன்று சிங்கப்பூரில், ஒன்று கோலாலம்பூரில். பெயர் ஒன்று, நிர்வாகம் இரண்டு. 1962 ஜனவரி 1-ஆம் தேதி அந்த ஒட்டும் அறுந்து இரண்டும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாயின. வயதில் மூத்தது சிங்கப்பூர் வளாகம். 'மலாயா' என்ற பெயர் போனது கோலாலம்பூருக்கு.

1959-இலேயே இந்திய ஆய்வியல் துறை பாலம் தாண்டிவிட்டது. சிங்கப்பூரில் அது இருந்தது மூன்றே ஆண்டு.

தம்பி இந்த இடத்தில் கேட்டான், "இதுல என்னக்கா தப்பு? இங்கதானே தமிழாளுங்க ஜாஸ்தி." நியாயமான கேள்வி. தோட்டங்கள் இந்தப் பக்கம், தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை இந்தப் பக்கம். சிங்கப்பூரும் மலாயாவும் ஒருநாள் ஒரே நாடாகும் என்று அன்று நம்பியவர்கள் நிறைய. ஒரே நாட்டுக்குள் ஒரு துறையை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாற்றுவதில் யாருக்கு வருத்தம்? இரவு ரயில் ஏறினால் காலையில் கோலாலம்பூர். 1959-இல் எடுத்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். என் குறை 1965-க்குப் பிறகுள்ள காலத்தைப் பற்றியது.

அதற்கு மற்ற துறைகளைப் பார்க்க வேண்டும். மலாய் ஆய்வியல் துறையும் இதேபோல சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குப் போனது. நாடுகள் பிரிந்த பின், 1967-இல், சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் மலாய் ஆய்வியலைப் புதிதாகத் தொடங்கியது. தலைமை ஏற்றவர் சையத் ஹுசேன் அலாத்தாஸ். சீன ஆய்வியல் சிங்கப்பூரிலேயே தங்கியது. 1963-இல் கோலாலம்பூரிலும் ஒன்று முளைத்தது. ஆக, மலாய் போனது, திரும்பி வந்தது. சீனம் இருந்த இடத்தில் இருந்தபடியே இரண்டானது. தமிழ் மட்டும் போனது போனதுதான். சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று தமிழ் என்பதை நினைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

இன்னொரு திசையிலும் போக்குவரத்து இருந்தது. கோலாலம்பூரில் மருத்துவப் புலம் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது 1964-இல். அதைக் கட்டியெழுப்பிய முதல் புலமுதல்வர் டி.ஜே. தனராஜ், சிங்கப்பூரில் பேராசிரியராக இருந்தவர். அதுவரை டாக்டராக விரும்பிய மலாயாப் பிள்ளைகள் பலரும் சிங்கப்பூருக்குத்தான் போனார்கள். சட்டத்துக்கு இன்னும் தாமதம். கோலாலம்பூரில் சட்டப் புலம் 1972-இல்தான் வந்தது. அதாவது சில காலம் ஈப்போவில் பிறந்த ஒருவர் வழக்கறிஞராகத் தெற்கே ரயிலேற வேண்டும், தஞ்சோங் பகாரில் பிறந்த ஒருவர் தமிழ் படிக்க வடக்கே ரயிலேற வேண்டும். மருத்துவமும் சட்டமும் கொஞ்ச காலத்தில் இரு கரையிலும் ஆகிவிட்டன. அவை இல்லாமல் ஒரு நாடு இயங்காது என்று அரசுகளுக்குத் தெரியும்.

கோலாலம்பூர் வந்த துறை சும்மா இருக்கவில்லை. 1961-இல் தனிநாயகம் அடிகள் வந்து பொறுப்பேற்றார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு நடந்ததே, அது சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ நடக்கவில்லை. இங்கே கோலாலம்பூரில் நடந்தது. இந்தத் துறை இங்கே இல்லாதிருந்தால் அது இங்கே நடந்திருக்குமா என்பது சந்தேகம். 1969-இல் இராம சுப்பையா தொகுத்த 'தமிழ் மலேசியானா' நூற்பட்டியலை மலாயாப் பல்கலைக்கழக நூலகம் வெளியிட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அச்சான தமிழ் நூல்கள், இதழ்களின் பட்டியல் அது. கவனியுங்கள், சிங்கப்பூரில் அச்சான நூல்களும் அதில் உண்டு. நாடு பிரிந்து நான்கு ஆண்டு கழித்தும் சிங்கப்பூர்த் தமிழ் நூல்களைக் கணக்கெடுத்தது கோலாலம்பூர்தான். இதில் எனக்குப் பெருமையும் உண்டு, கொஞ்சம் குற்றவுணர்வும் உண்டு. ஒரு கரையின் லாபத்தில் மறுகரையின் நஷ்டம் கலந்திருக்கிறது.

அந்த நஷ்டம் எப்படி இருந்தது என்று எனக்குச் சொன்னவர் சிங்கப்பூரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். ஓர் இலக்கியக் கூட்டத்தில் பழக்கம். சார் பகலில் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, இரவில் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் அஞ்சல்வழிப் பாடங்களைப் படித்துத்தான் பட்டம் வாங்கினார். "புத்தகம் தபால்ல வரும்மா. சந்தேகம் கேக்க ஆள் கிடையாது. நன்னூலுக்கு யார்கிட்ட போய்க் கேப்பேன்? ஒரு சூத்திரத்த வச்சிக்கிட்டு ரெண்டு வாரம் உக்காந்திருக்கேன்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு துறை என்றால் பட்டம் மட்டுமல்ல. பக்கத்து மேசையில் ஒருத்தர், நூலகத்தில் எதிரே இன்னொருத்தர், சண்டை போட ஓர் ஆசிரியர். அதெல்லாம் தபாலில் வராது. சிங்கப்பூரில் உட்கார்ந்தே தமிழில் பட்டம் படிக்கும் வழியை, 2005-இல் உருவான சிம் பல்கலைக்கழகம்தான் பிறகு திறந்தது. அப்போது சார் ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

அவருடைய அப்பா துறைமுகத் தொழிலாளி. 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு ஒரு வெள்ளி கொடுத்ததாக வீட்டில் அடிக்கடி சொல்வாராம். "என் மவன் படிக்கிற எடத்துக்குக் குடுத்தேன்னு சொல்லுவாரு. நான் படிக்கிற வயசுல அந்த எடம் இங்க இல்ல. உங்க ஊருக்கு வந்துடுச்சி. நீங்கல்லாம் படிச்சிருப்பீங்க இல்ல? நல்லதுதான்." அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அன்று பேருந்தில் பாலத்தைக் கடந்து திரும்பும்போது, கடப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற நேரம் முழுக்க அந்த ஒரு வெள்ளிதான் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ அந்தத் தாத்தா கிரெடிட்ட யாரும் ஏத்திக்கலியா?" என்றான். பாரத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனான். அந்த இரண்டு பாடங்களுக்கும் பதிந்துவிட்டதாக நேற்று செய்தி அனுப்பியிருந்தான்.

தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. இரவில் நேரம் கிடைக்கும்போது ஐம்பதுகளின் பக்கங்களைப் புரட்டுகிறேன். சாரின் அப்பா பெயர் எங்காவது அச்சாகியிருக்கிறதா என்றுதான் தேடுகிறேன். அச்சு மங்கல், சில பக்கங்களில் எழுத்தே தெரியவில்லை. இதுவரை கிடைக்கவில்லை.