லினக்ஸ் கணினியில் என் விளையாட்டுகள்: கொஞ்சம் வரலாறு

லினக்ஸ் கணினியில் வேலைதான் செய்யலாம், விளையாட ஒன்றும் கிடையாது என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். என்னோடு கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வருபவர்களில் இரண்டு பேர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடந்துகொண்டே சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதி வைக்கிறேன். எனக்குப் பிடித்த சில விளையாட்டுகள், அவை எங்கிருந்து வந்தன, இத்தனை வருடம் எப்படித் தாக்குப்பிடித்தன என்பதுதான் விஷயம்.

ஒரு விளையாட்டில் தொடங்கிய கதை

1969-ல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன் என்பவர் 'ஸ்பேஸ் டிராவல்' என்று ஒரு விளையாட்டு எழுதினார். சூரிய மண்டலத்தில் ஒரு விண்கலத்தை ஓட்டிக்கொண்டு போய்க் கோள்களிலும் நிலாக்களிலும் இறக்க வேண்டும். அங்கிருந்த பெரிய கணினியில் இதை ஒரு தடவை ஆடி முடிக்க 75 டாலர் அளவுக்குக் கணினி நேரம் செலவானது. அப்போது ஒரு டாலர் 7 ரூபாய் 50 காசு. ஆக, ஒரு ஆட்டத்துக்கு 560 ரூபாய்க்கு மேல். சில வருடம் கழித்து நான் எழுத்தராக வேலைக்குச் சேர்ந்தபோது என் மாதச் சம்பளமே அதைவிடக் குறைவு.

அதனால் தாம்ப்சன், யாரும் அதிகம் தொடாமல் கிடந்த பி.டி.பி.-7 என்ற சிறிய கணினியைப் பிடித்தார். டென்னிஸ் ரிட்சியும் கூடச் சேர்ந்தார். இருவருமாக விளையாட்டை அந்தக் கணினிக்கு ஏற்றபடி திருப்பி எழுதினார்கள். வேறொரு கணினியில் நிரலைத் தயாரித்து, காகித நாடாவில் துளையிட்டு, அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து இதில் ஏற்ற வேண்டும். பெரிய அவஸ்தை. அந்த அனுபவத்தைத் தொடர்ந்துதான் அதே கணினியிலேயே எல்லாவற்றையும் செய்துகொள்ளும்படி ஒரு இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார்கள். அதுதான் யுனிக்ஸ்.

1991-ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் யுனிக்ஸின் சாயலில் புதிதாக எழுதியது லினக்ஸ். ஆகவே விளையாட்டுக்கும் லினக்ஸுக்கும் சம்பந்தமில்லை என்று யாராவது சொன்னால், பாட்டனிடம் போய்க் கேளுங்கள் என்பேன்.

இலவசமா, சுதந்திரமா?

லினக்ஸை ஆங்கிலத்தில் 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்பார்கள். இந்த 'ஃப்ரீ' என்ற சொல்லால் வந்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. காசில்லாதது என்றும் பொருள், சுதந்திரமானது என்றும் பொருள். ஆங்கில வழியில் படித்த நண்பர்களுக்கு இதை விளக்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இதில் சிக்கலே இல்லை. பிரெஞ்சில் காசில்லாதது 'கிராத்துயி', சுதந்திரமானது 'லீப்ர்'. இரண்டும் வேறு வேறு சொற்கள். இந்த மென்பொருளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'லோஜிசியேல் லீப்ர்'. தமிழிலும் நாம் பிழைத்தோம். 'இலவசம்' வேறு, 'கட்டற்ற' வேறு.

கட்டற்றது என்றால் என்ன? அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். ஒரு கோப்பில் இரண்டு பகுதி உண்டு. பொதுமக்களுக்குப் போவது உத்தரவு நகல். உள்ளே இருப்பது நோட்டிங் பக்கங்கள்: யார் என்ன எழுதினார், எந்த விதியின்படி முடிவெடுத்தார்கள் என்ற முழுக்கதை. உத்தரவு நகலை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த எழுத்தர் வேலையைத் தொடர முடியாது. நோட்டிங் கையில் இருந்தால் தொடரலாம். தவறு இருந்தால் திருத்தலாம். கடையில் வாங்கும் விளையாட்டு உத்தரவு நகல் மாதிரி. கட்டற்ற விளையாட்டு நோட்டிங்கோடு சேர்த்து வரும். அந்த நோட்டிங்குக்கு மூலநிரல் என்று பெயர். ஜி.பி.எல். என்ற உரிமத்தில் கூடுதலாக ஒரு நிபந்தனை உண்டு. நீ திருத்தி வெளியிட்டால், உன் திருத்தத்தின் நோட்டிங்கையும் வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டும்.

நோட்டிங்கைத் திறந்து வைத்தவர்கள்

1990களில் உலகமே ஆடிய துப்பாக்கி விளையாட்டு 'டூம்'. எனக்கு அந்த ரகம் பிடிக்காது, தலை சுற்றும். ஆனால் அதன் வரலாறு பிடிக்கும். 1994-லேயே டேவ் டெய்லர் என்பவர் அதை லினக்ஸில் ஓட வைத்தார். 1997 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தின் ஜான் கார்மாக் அதன் மூலநிரலை வெளியிட்டார். வெளியிட்டது லினக்ஸ் பதிப்பின் நிரலை. டாஸ் பதிப்பின் ஒலிப்பகுதி வேறொருவருக்குச் சொந்தம் என்பதால் அதைக் கொடுக்க முடியவில்லை. 1999-ல் அது ஜி.பி.எல். உரிமத்துக்கு வந்தது.

நிரல்தான் வந்ததே தவிர, அதில் வரும் படங்களும் ஓசைகளும் வரவில்லை. அவை நிறுவனத்தின் சொத்தாகவே இருந்தன. அந்தக் குறையைத் தீர்க்க 'ஃப்ரீடூம்' என்ற பெயரில் ஆர்வலர்கள் சேர்ந்து புதிதாகப் படங்களும் ஓசைகளும் செய்து சேர்த்தார்கள்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1998-ல் ஸ்காட் டிரேக்கர் என்பவர் லோக்கி சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். மற்றவர்களின் பிரபல விளையாட்டுகளை லினக்ஸுக்கு மாற்றி விற்பது தொழில். 'சிவிலைசேஷன்: கால் டு பவர்', 'சிம்சிட்டி 3000' எல்லாம் வந்தன. வாங்க ஆள் போதவில்லை. 2002 ஜனவரியில் கடையை மூடிவிட்டார்கள். ஆனால் அங்கே வேலை பார்த்த சாம் லாண்டிங்கா எழுதிய எஸ்.டி.எல். என்ற நிரல் நூலகம் கட்டற்றதாக இருந்தது. திரையில் படம் காட்ட, ஒலி எழுப்ப, விசைப்பலகையைக் கவனிக்க உதவும் பொதுச் சாமான் அது. நிறுவனம் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, எஸ்.டி.எல். இல்லாமல் இன்று ஓடாத விளையாட்டுகள் எத்தனையோ. மூடியிருந்தது நிறுவனத்தோடு போனது, திறந்திருந்தது நிலைத்தது.

நான் ஆடுபவை

முதலிடம் 'ஃப்ரோசன் பபிள்'. மேலே தொங்கும் வண்ணக் குமிழிகளைக் கீழிருந்து குறிபார்த்து அடிக்க வேண்டும். ஒரே நிறத்தில் மூன்று சேர்ந்தால் விழும். எழுதியவர் கிய்யோம் கொத்தன்சோ என்ற பிரெஞ்சுக்காரர், 2002-ல் வந்தது. பாரீஸ் நகரில் தோன்றிய மாண்ட்ரேக் லினக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஜப்பானிய 'பஸில் பாபிள்' விளையாட்டின் சாயல்தான், ஆனால் பெங்குயின்களும் இசையும் இவர்களுடையவை. பத்து நிமிடம் ஆடினால் மனம் லேசாகும். கண்புரை அறுவைக்குப் பிறகு நிறங்கள் சரியாகத் தெரிகின்றனவா என்று நான் சோதித்துப் பார்த்ததும் இதில்தான்.

இரண்டாவது 'ஃப்ரீசிவ்'. கற்காலத்தில் ஒரு குடியிருப்போடு தொடங்கி, நகரங்கள் கட்டி, எழுத்தும் சக்கரமும் கண்டுபிடித்து, விண்கலம் வரை போக வேண்டும். சிட் மெயரின் 'சிவிலைசேஷன்' 1991-ல் வந்தது. அதைப் பல கணினிகளில் இருந்து சேர்ந்து ஆடும்படி டென்மார்க்கில் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக மாணவர்கள் மூன்று பேர் 1995 நவம்பரில் எழுதத் தொடங்கி, 1996 ஜனவரியில் வெளியிட்டார்கள். அந்த மூவரும் விலகிப் பல காலம் ஆகிறது. அடுத்தடுத்து வந்தவர்கள் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். இது சுற்றுச் சுற்றாக நடக்கும் ஆட்டம். யோசித்து, காபி குடித்துவிட்டு வந்து அடுத்த அடி வைக்கலாம். எழுபதைத் தாண்டியவனை யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

மூன்றாவது சதுரங்கம். 'குனு செஸ்' 1984-லேயே தொடங்கியது. லினக்ஸை விட மூத்தது. சதுரங்கத்தில் குறுக்காக ஓடும் காய்க்கு ஆங்கிலத்தில் பிஷப் என்று பெயர். தமிழில் மந்திரி. பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது 'ஃபூ'. பிரெஞ்சில் அதற்கு அரசவைக் கோமாளி என்றும் பொருள், கிறுக்கன் என்றும் பொருள். மந்திரியும் கிறுக்கனும் ஒரே காயா என்று கேட்காதீர்கள். நான் ஓய்வூதியம் வாங்குகிறவன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 'ஐல்ரயட்'. ஒருவர் ஆடும் சீட்டாட்டம், எண்பதுக்கும் மேற்பட்ட வகைகள். ஒவ்வொரு வகையின் விதியும் தனித்தனிச் சிறு கோப்பாக இருப்பதால், நிரல் தெரிந்த யாரும் புது ஆட்டம் ஒன்றைச் சேர்க்கலாம். அதனால்தான் எண்ணிக்கை அவ்வளவு ஏறியது.

பேரனின் கார், பேத்தியின் பாடம்

பேரனுக்கு ஒருமுறை கடையில் கார் பந்தய விளையாட்டு ஒன்று பெட்டியோடு வாங்கிக் கொடுத்தேன். விலை அதிகம். அது ஓட வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் அந்தக் கம்பெனியின் சர்வரிடம் அனுமதி கேட்க வேண்டும். சில வருடத்தில் சர்வரை நிறுத்திவிட்டார்கள். வட்டு இருக்கிறது, பெட்டி இருக்கிறது, பணம் கொடுத்த ரசீதும் இருக்கிறது. விளையாட்டுதான் இல்லை. பையன் அழவில்லை, "தாத்தா, நம்ம காசு கொடுத்தோமே, அப்ப அது நம்மளுது இல்லையா?" என்று மட்டும் கேட்டான்.

அதன்பின் அவனுக்குப் போட்டுக் கொடுத்தது 'சூப்பர்டக்ஸ்கார்ட்'. அதன் சரித்திரத்தைப் பாருங்கள். ஸ்டீவ் பேக்கர் என்பவர் 'டக்ஸ்கார்ட்' என்று தொடங்கினார். அது நின்றது. 2004-ல் சிலர் எடுத்து மேம்படுத்தப் பார்த்தார்கள். அதுவும் பாதியில் நின்றது. 2006-ல் யோர்க் ஹென்ரிக்ஸ் என்பவர் தூசு தட்டி எடுத்து ஓட வைத்தார். பிறகு பலர் சேர்ந்தார்கள். 2019-ல் வந்த 1.0 பதிப்பில் வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் இணையம் வழியே சேர்ந்து ஆடும் வசதியும் வந்தது. இரண்டு முறை படுத்த கோப்பு மூன்றாம் முறை எழுந்து ஓடியது. நோட்டிங் கையில் இருந்ததால்தான் அது முடிந்தது.

பேத்திக்கு 'ஜீகாம்ப்ரிஸ்'. எல்லோரும் இப்படித்தான் படிக்கிறார்கள். பிரெஞ்சில் 'ஜி' என்ற எழுத்தின் பெயர் 'ஜே'. ஆகவே சரியான உச்சரிப்பு 'ஜே கோம்ப்ரி'. பொருள் 'எனக்குப் புரிந்தது'. ப்ருனோ கூதுவேன் 2000-ல் வெளியிட்ட இந்தத் தொகுப்பில் எழுத்து, எண், கடிகாரம் பார்ப்பது, புதிர் என்று நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சிகள் இருக்கின்றன. தமிழிலும் வைத்துக்கொள்ளலாம்.

இன்றைய நிலை

2013-ல் வால்வ் நிறுவனம் தன் ஸ்டீம் கடையை லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. 2018-ல் 'புரோட்டான்' வந்த பிறகு, விண்டோஸுக்காக எழுதப்பட்ட ஏராளமான விளையாட்டுகள் லினக்ஸிலும் ஓடுகின்றன. இதற்கு அடித்தளம் 1993-ல் தொடங்கிய 'வைன்' என்ற கட்டற்ற நிரல். 2022-ல் வந்த ஸ்டீம் டெக் என்ற கைக்கருவிக்குள் இருப்பதும் லினக்ஸ்தான். ஆகவே விளையாட்டு இல்லை என்ற குறை இப்போது இல்லை. ஆனால் அந்தக் கடையில் வாங்கும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை உத்தரவு நகல்தான். பேரனின் கேள்வி அங்கேயும் நிற்கிறது.

கட்டற்றதெல்லாம் சாகாது என்றும் சொல்ல மாட்டேன். எடுத்து நடத்த ஆள் இல்லாமல் தூங்கும் விளையாட்டுகள் நிறைய உண்டு. படங்கள் சுமாராக இருக்கும், சில பாதியில் நிற்கும். திறந்த நோட்டிங் ஒரு வாய்ப்பைத்தான் கொடுக்கும். எடுத்து எழுத ஒரு கை வேண்டும்.

எங்கள் ஊரில் 'எத்தா சிவில்' என்று சொல்லும் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை பிரெஞ்சுக்காரர் முறைப்படி இரண்டு படிகளாக எழுதுவார்கள். ஒன்று செல்லரித்தாலும் இன்னொன்றைப் பார்த்துப் படி எடுக்கலாம். வேலையில் இருந்தபோது நான் பல நாள் செய்தது அந்த ஒப்புநோக்கும் வேலைதான். இப்போது பேத்தியின் ஜே கோம்ப்ரியைத் தமிழில் ஒருமுறை, பிரெஞ்சில் ஒருமுறை வைத்து அதையே செய்கிறேன். தமிழில் விட்டுப்போன சொல், பொருள் மாறிய சொல் என்று கண்ணில் படுவதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருகிறேன். நாற்பது பக்க நோட்டில் பாதி நிரம்பிவிட்டது. நிரம்பியதும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு அனுப்புவதாக இருக்கிறேன். நிரல் எழுதத் தெரியாதவனுக்கும் அங்கே ஒரு வேலை இருக்கிறது.