பெரணமல்லூரிலிருந்து ஒரு நாள் வட்டம்

சில வருஷம் முன்னாடி ஒரு ப்ராஜெக்ட்டுக்காகத் தெற்கு ஜெர்மனியில் ஆறு வாரம் இருந்தேன். தங்கினது உல்ம் நகரத்துக்கு வெளியே, கிராமத்தில் ஒரு சின்ன விடுதி. பத்துப் பன்னிரண்டு அறைகள், கீழே சாப்பாட்டுக் கூடம், பின்னாடி மாட்டுத் தொழுவம். முதல் சனிக்கிழமை காலையில் விடுதிக்காரம்மா ஒரு வரைபடத்தை மேசையில் விரித்து, விடுதியை நடுவில் வைத்து இரண்டு வட்டம் போட்டார். சின்ன வட்டம் அரை நாளுக்கு, பெரிய வட்டம் முழு நாளுக்கு. அதுக்குள்ளே நீல நிற ஊற்று இருக்கிற ப்ளௌபாய்ரன் மடம், ஒரு குகை, ஒரு இடிந்த கோட்டை, தண்ணீரில் ஓடுகிற பழைய மாவரைக்கும் ஆலை. ஒவ்வொன்றுக்கும் எப்போ போகணும், எங்கே சாப்பிடணும் என்று சொன்னார். பெரிய அதிசயம் ஒன்றும் இல்லைதான். ஆனால் ஆறு வாரமும் எனக்கு வேலை வைத்தது அந்த இரண்டு வட்டம்தான்.

கடைசி வாரம் அவர் கேட்டார், "உங்க ஊரைச் சுத்தி என்ன இருக்கு?" எனக்குத் தெரிந்த பதில், "பட்டுச் சேலை நெய்வாங்க, நெல் விளையும்." அவ்வளவுதான். கல்வெட்டு, கோட்டை என்று பத்து வருஷமாகப் பதிவு போடுகிறவன் நான்! தஞ்சாவூரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவேன். பெரணமல்லூரைச் சுற்றி என்ன இருக்கு என்று கோர்வையாகச் சொல்ல வரவில்லை.

ஊருக்குத் திரும்பினதும் வரைபடத்தில் பெரணமல்லூரை நடுவில் வைத்து 30 கி.மீ. வட்டம் போட்டுப் பார்த்தேன். ஆரணி, வந்தவாசி, சேத்துப்பட்டு, தேசூர், தேவிகாபுரம், திருமலை, பொன்னூர் எல்லாம் உள்ளே வந்துவிட்டது. கொஞ்சம் நீட்டினால் மாமண்டூர் குகைகளும் செஞ்சியும். மகேந்திரவர்மன், கங்கர், ராஜராஜன், விஜயநகரம், பீஜப்பூர், மராட்டியர், ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரன், வெள்ளைக்காரன் என்று பாடப்புத்தகத்தில் பாதி இந்த வட்டத்துக்குள் வந்து போயிருக்கிறது. ஏன் என்பதில் பெரிய மர்மம் கிடையாது. காஞ்சிபுரத்திலிருந்து செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் போகிற வழி இது. செய்யாறும் கமண்டல நாகநதியும் ஏரிகளும் இருப்பதால் நெல் கிடைக்கும். படை நடத்துகிறவனுக்கும் கோயில் கட்டுகிறவனுக்கும் முதலில் வேண்டியது அரிசிதானே.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு. அவருக்கு எழுபத்தி நாலு. ஐம்பது வருஷம் தறிக் குழியில் கால் வைத்தவர். சேலையை எடுத்துக்கொண்டு ஆரணிக்கும் காஞ்சிபுரத்துக்கும் நூற்றுக்கணக்கான தடவை போயிருக்கிறார். இடையில் எங்கேயும் இறங்கினது இல்லை. இறங்கினால் கூலி போச்சு. இப்போ முட்டி வலி, ரொம்பப் படி ஏற முடியாது. இதை நான் பத்து வருஷம் முன்னாடி செய்திருக்கணும்.

முதல் நாள் சீயமங்கலம். தேசூருக்குப் பக்கத்தில், ஏரியை ஒட்டிய பாறையில் குடைந்த சிவன் கோயில். முன்னாடி பிற்கால மண்டபங்கள் இருப்பதால் வெளியே நின்று பார்த்தால் சாதாரணக் கோயில்தான். உள்ளே போகப் போகத்தான் நாம் மகேந்திரவர்மனின் குடைவரைக்குள் நிற்கிறோம் என்று தெரியும். லளிதாங்குரன் என்று தன் பட்டப்பெயரைச் சொல்லி, கோயிலுக்கு அவனிபாஜன பல்லவேஸ்வரம் என்று பெயர் வைத்ததைத் தூணில் வெட்டி வைத்திருக்கிறான். 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். சுவாமிக்கு இன்று தூணாண்டார் என்று பெயர். தூண் ஒன்றின் மேல்பகுதியில் சின்னதாக ஆடும் சிவன். தமிழ்நாட்டில் கல்லில் செதுக்கிய ஆடல்வல்லான் உருவங்களில் மிகப் பழையவற்றில் இது ஒன்று. டார்ச் இல்லாமல் போனால் தவறவிடுவீர்கள். அதே ஊர்க் குன்றில் பார்சுவநாதரும் பாகுபலியும் செதுக்கின சமணச் சிற்பங்கள் இருக்கின்றன, 9-ஆம் நூற்றாண்டு, கங்க மன்னன் ராஜமல்லன் காலம். நான் மட்டும் மேலே ஏறினேன். அப்பா கீழே ஏரிக்கரையில் உட்கார்ந்து யாரோ ஒருத்தரிடம் பட்டு நூல் விலை பேசிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் வந்தவாசி. 1760 ஜனவரி 22-ஆம் தேதி அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்தது இங்கேதான். அடுத்த வருஷம் பாண்டிச்சேரி விழுந்தது. லாலியை 1766-ல் பாரிஸில் தலையை வெட்டிக் கொன்றார்கள். தென்னிந்தியாவில் பிரெஞ்சுக் கொடியா ஆங்கிலக் கொடியா என்பது முடிவான இடத்தில் பார்க்க மிச்சம் இருப்பது கொஞ்சம் கோட்டைச் சுவர், கொஞ்சம் அகழி. அரை மணி நேரம் போதும். பொன்னூர் மலையில் குந்தகுந்தரின் பாதம் என்று வணங்கப்படுகிற இடம் இருக்கிறது. வட இந்தியாவிலிருந்து பஸ் பஸ்ஸாக ஜைனர்கள் வருகிறார்கள். பக்கத்துக் கிராமங்களில் தமிழ் ஜைனர்கள், நயினார்கள், விவசாயம் பார்த்துக்கொண்டு இன்னமும் இருக்கிறார்கள். சமணம் தமிழ்நாட்டில் அழிந்துபோன மதம் என்று எழுதுகிறவர்கள் இந்தப் பக்கம் ஒரு டீ குடிக்க வந்தால் தேவலை.

இரண்டாம் நாள்தான் எனக்கு முக்கியம். தேவிகாபுரத்தில் பெரியநாயகி அம்மன் கோயிலையும் மலைமேல் கனககிரி நாதரையும் (கீழிருந்தே) கும்பிட்டுவிட்டு, வடமாதிமங்கலம் வழியாகத் திருமலை போனோம்.

திருமலை என்றால் திருப்பதி இல்லை. போளூர் பக்கத்துச் சமணத் திருமலை. கல்வெட்டில் இதன் பெயர் வைகாவூர். அடிவாரத்தில் கோயில்கள், பாறையைச் சேர்த்துக் கட்டின அறைகள், கொஞ்சம் மேலே பாறையில் நேமிநாதர், தமிழ்நாட்டிலேயே உயரமான சமணச் சிற்பம் என்பார்கள். ராஜராஜனின் அக்கா பெயரில் இங்கே குந்தவை ஜினாலயம். சிவன் கோயிலுக்குக் கொட்டிக் கொடுத்த குடும்பத்தின் பெண் பெயரில் ஜினாலயம் இருப்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இங்கேதான் ராஜேந்திர சோழனின் 13-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கி.பி. 1024–25. கங்கைப் படையெடுப்பைப் பற்றி எழுதுகிற யாரும் இதைத் தொடாமல் போக முடியாது. நம்ம தொழில் பாஷையில் சொன்னால், மெய்க்கீர்த்தி என்பது ஒரு ரிலீஸ் நோட். ஒவ்வொரு வருஷமும் பழைய வரிகள் அப்படியே இருக்கும், புதிதாக ஜெயித்த நாடு கடைசியில் சேரும். திருமலைக் கல்வெட்டில் கங்கை வரைக்கும் வருகிறது, கடாரம் இல்லை. கடாரம் 14-ஆம் ஆண்டிலிருந்துதான் சேருகிறது. இந்த இரண்டு வெர்ஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் கப்பற்படை எப்போ போனது என்று கணக்கிட முடிகிறது.

ஆனால் கல்வெட்டின் நோக்கம் கங்கையே இல்லை. நன்னப்பயன் என்ற வியாபாரியின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்தில் ஒரு நந்தா விளக்கு எரியவும் திருவமுது படைக்கவும் காசு கொடுத்திருக்கிறாள். அதை எழுதத்தான் கல்லை எடுத்தார்கள். தேதி போட ராஜாவின் பெயர் வேண்டும், ராஜாவின் பெயரோடு வங்காளம் வரைக்கும் வெற்றிப் பட்டியல் வந்து ஒட்டிக்கொண்டது.

அந்தம்மாவின் ஊர் பெயர் மல்லியூர் என்று படித்ததும் எனக்கு ராத்திரித் தூக்கம் போச்சு. மல்லியூர், பெரணமல்லூர்! பதிவுக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன். காலையில் நிதானமாகப் படித்தால், மல்லியூர் இருப்பது பெரும்பாணப்பாடி என்ற நாட்டில். அது வாணர்களின் நாடு, திருவல்லம், சித்தூர் பக்கம். நாம் இல்லை. ஒலி ஒத்துப்போகிறது என்று ஊர் வரலாறு எழுதுகிறவர்களை நான் கிண்டல் பண்ணியிருக்கிறேன். ஒரு ராத்திரிக்கு நானும் அதில் ஒருத்தன்.

திருமலையில் இன்னும் இரண்டு கல்வெட்டு எனக்குப் பிடித்தவை. ராஜராஜனின் 21-ஆம் ஆண்டில் குணவீர மாமுனிவன் என்ற சமணத் துறவி ஏரிக்குக் கலிங்கு கட்டி, கணிசேகர மருபொற்சூரியன் என்று ஒரு பெரியவர் பெயரை அதற்கு வைத்திருக்கிறார். துறவிக்கு எதுக்குக் கலிங்கு என்று கேட்கத் தோன்றும். கீழே வயலைப் பார்த்தால் கேட்க மாட்டோம். இன்னொன்று அதிகைமான் வம்சத்து விடுகாதழகிய பெருமாளுடையது. முன்னோன் எழினி செய்துவைத்த இயக்கன், இயக்கி உருவங்கள் பழுதாகிக் கிடந்ததைப் புதுப்பித்து, ஒரு மணியும் கொடுத்து, கால்வாயும் வெட்டியிருக்கிறான். வடமொழிப் பகுதியில் எழினியை யவனிகா என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். இரண்டுக்கும் திரை என்று பொருள். ஆளின் பெயரைக்கூட விட்டுவைக்காத மொழிபெயர்ப்பாளர்!

இவற்றையெல்லாம் படித்து, ஆங்கிலத்தில் பெயர்த்து, தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் 1890-ல் வெளியிட்டவர் ஹூல்ட்ஸ். ட்ரெஸ்டனில் பிறந்த ஜெர்மன்காரர். இது தெரிந்திருந்தால் அந்த விடுதிக்காரம்மாவிடம் கொஞ்சம் பெருமையாகப் பேசியிருக்கலாம்.

பாறையை ஒட்டின அறைகளில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. நிறைய உதிர்ந்துவிட்டது. மேல்கூரையில் வட்டமும் பூவேலையுமாகத் துண்டு துண்டாக மிச்சம். நான் சமவசரணம் என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "இன்னாடா, இது புட்டா போட்ட மாதிரியே கீது. இங்க பாரு, கட்டம் திரும்பற இடத்துல கணக்கு தப்பாம வந்திருக்கான்" என்றார். ஜக்கார்டு அட்டை வருவதற்கு முன்னாடி அடை கட்டி நெய்தவர், கழுத்து வலிக்கிற வரைக்கும் பார்த்தார். வெளியே வந்து செருப்பு போடும்போது, "இம்மாம் பக்கத்துல இருந்துகினு பாக்காமப் போயிருப்பேனே" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஆரணி. பட்டுக்கு வருகிறவர்கள் கடைத்தெருவோடு திரும்பிவிடுகிறார்கள். ஆரணியில் இரண்டு சண்டை நடந்திருக்கிறது. ஆற்காடு முற்றுகை முடிந்த கையோடு 1751 டிசம்பர் 3-ல் கிளைவ் இங்கே பிரெஞ்சுக் கூட்டுப் படையைத் தோற்கடித்தான். 1782 ஜூன் 2-ல் ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதினார்கள். ஹைதரின் முக்கியக் கிடங்கு ஆரணிக் கோட்டையில் இருந்ததால்தான் கூட் இந்தப் பக்கம் வந்தான். வந்தவாசியில் ஜெயித்த அதே கூட், 22 வருஷம் கழித்து, உடம்பு தளர்ந்த கிழவனாக. யாருக்கும் வெற்றி இல்லை. அந்த டிசம்பரில் ஹைதர் போனார், அடுத்த ஏப்ரலில் கூட். கோட்டைப் பகுதியில் நிற்கிற உயரமான நினைவுத் தூண் இவர்களுக்கு இல்லை, 1790-ல் இங்கே இறந்த ராபர்ட் கெல்லி என்ற கர்னலுக்கு.

ஆரணி ஜாகீர் தனிக்கதை. பீஜப்பூர் படையோடு வந்த மராட்டியர் வேதாஜி பாஸ்கர் பந்துக்கு 17-ஆம் நூற்றாண்டில் கிடைத்தது. அவர் வழி வந்தவர்களின் அரண்மனை சத்தியவிஜயநகரத்தில். காட்டோரம் பூசிமலைக்குப்பத்தில் இன்னொரு மாளிகை, செடி முளைத்து இடிந்து நிற்கிறது. வெள்ளைக்காரக் காதலிக்காகக் கட்டினது என்று ஊரில் சொல்வார்கள். கதைக்கு ஆதாரம் கேட்காதீர்கள், கட்டடத்தைப் பாருங்கள். ஜன்னல் வளைவுகள் இன்னும் அழகு. சீக்கிரம் பார்த்துவிடுங்கள் என்றும் சொல்வேன்.

அரை நாள்தான் இருக்கு என்றால் சின்ன வட்டம் போதும்: ஆவணியாபுரம் நரசிம்மர், இஞ்சிமேடு, நெடுங்குணத்தில் உட்கார்ந்த கோலத்தில் ராமரும் எதிரே சுவடி படிக்கிற அனுமாரும்.

தங்குவதற்குப் பெரணமல்லூரில் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். 2006 தேர்தல் வரைக்கும் சட்டமன்றத் தொகுதிப் பெயராகவாவது இருந்தது, தொகுதி மறுசீரமைப்பில் அதுவும் போச்சு. ஆரணியில் லாட்ஜ் கிடைக்கும். சின்னக் கோயில்களில் காலையில் பூஜை முடிந்தால் பூட்டிவிடுவார்கள், சாவி வைத்திருப்பவர் வீட்டை டீக்கடையில் கேட்டால் சொல்வார்கள். டார்ச், தண்ணீர், தொப்பி அவசியம். சித்திரை வெயிலில் பாறை ஏற வேண்டாம். மாமண்டூரை நாங்கள் விட்டுவிட்டோம். ஏரி நிறைந்த பிறகு கார்த்திகையில் போகலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அங்கே படி அதிகம் இல்லை, விசாரித்துவிட்டேன்.