கருவறையில் கறுப்பு... காலண்டரில் சிவப்பு! சாமி படங்களின் நிறம் மாறியது எப்படி?

திருவண்ணாமலை கோயிலுக்குள் போனால், எண்ணெய்க் காப்பில் மின்னும் கருங்கல் சிலைகளைக் கும்பிடுகிறோம். வெளியே மாட வீதிக்கு வந்து ஒரு சாமி படம் வாங்கினால், அதில் இருக்கும் லட்சுமியும் சரஸ்வதியும் பெரும்பாலும் நல்ல சிவந்த மேனி. கண்ணன் என்றால் நீலம். நம்மூர் வெயிலில் கறுத்த முகம் அந்த சட்டகத்துக்குள் ஏன் இல்லை? சாமிக்கு இந்த நிறத்தைக் கொடுத்தது யார்? பார்க்கலாம்.

ஐரோப்பிய பாணி வந்த கதை

சாமி படங்களின் இன்றைய தோற்றத்துக்குப் பெரிய காரணம் ராஜா ரவிவர்மா (1848-1906). திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் வேலை செய்வதைப் பார்த்தும், தானே முயன்றும் எண்ணெய் வண்ண ஓவியத்தில் தேர்ந்தவர். ஐரோப்பிய சீமாட்டிகளை வரையும் அதே ஒளி, நிழல், சதைப்பிடிப்போடு நம் தெய்வங்களை வரைந்தார். 1894-ல் மும்பையில் அச்சகம் தொடங்கியதும், அதுவரை அரண்மனைச் சுவரில் இருந்த படங்கள் சாதாரண வீட்டு பூஜை அறைக்கும் வந்துவிட்டன.

தமிழ்நாட்டில் இதைத் தொடர்ந்தவர்களில் முக்கியமானவர் சி.கொண்டையராஜு (1898-1976). ஆங்கிலேயர் காலத்து சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். இவருக்கும் திருவண்ணாமலைக்கும் தொடர்பு உண்டு. இளவயதில் சில காலம் ரமணாசிரமத்தில் தங்கியிருந்தார். பிறகு நாடகத் திரைச்சீலைகள் வரைந்து, கோவில்பட்டியில் நிலைகொண்டார். அவரும் சீடர்களும் வரைந்த தெய்வங்கள்தான் சிவகாசி அச்சகங்கள் வழியாக காலண்டர்களாக ஊரெங்கும் போய்ச் சேர்ந்தன.

அப்போ புராணத்தில் என்ன நிறம்?

எல்லா சாமியும் கறுப்பு என்று சொல்லிவிட முடியாது. சிவனைப் பவளத்தோடு ஒப்பிடும் மரபு இருக்கு. முருகனுக்கு சேயோன், அதாவது சிவந்தவன் என்றே பெயர். ஆனால் திருமால் மாயோன், கரியவன். கிருஷ்ணன் என்ற சொல்லுக்கே கறுப்பு என்றுதான் பொருள். காளியும் அப்படித்தான். கறுப்பு என்று பெயரிலேயே சொல்லப்பட்ட தெய்வம்கூட படத்தில் நீலமாக மாறியதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

சென்னையில் எடுத்த மாற்றுப் படங்கள்

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர்கள் சென்னையைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் நரேஷ் நீலும் பரத்வாஜ் சுந்தரும். 2017 டிசம்பரில் 'டார்க் இஸ் டிவைன்' என்ற பெயரில், கறுத்த நிறம் கொண்ட ஆண்களையும் பெண்களையும் லட்சுமி, துர்கை, சீதை, சிவன், முருகன் எனத் தெய்வங்களாகப் படம் எடுத்தார்கள். பட்டு, நகை, ஒளிவட்டம் எல்லாம் காலண்டரில் பார்த்த மாதிரியேதான். மாறியது தோலின் நிறம் மட்டும்.

அமெரிக்காவிலும் இதே வேலை

அமெரிக்கக் கறுப்பின ஓவியர் கெஹிண்டே வைலி செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். குதிரை மேல் ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் நெப்போலியன் படம் பிரெஞ்சு ஓவியர் டேவிட் வரைந்தது. 2005-ல் வைலி அதே படத்தை வரைந்தார். நெப்போலியன் இடத்தில், சாதாரண உடையில் ஒரு கறுப்பின இளைஞர்! மன்னர்களுக்கும் பிரபுக்களுக்கும் மட்டும் ஒதுக்கப்பட்ட ஆசனத்தில், தெருவில் போகும் ஒருவரை உட்கார வைப்பதுதான் அவர் பாணி.

2020 மே மாதம் ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸ் பிடியில் கொல்லப்பட்ட பிறகு, டைம் பத்திரிகை அட்டைக்கு டைட்டஸ் கஃபார் ஓர் ஓவியம் தந்தார். ஒரு கறுப்பினத் தாய் குழந்தையை அணைத்திருக்கிறார். ஆனால் குழந்தை இருக்க வேண்டிய இடத்தில் துணியையே வெட்டி எடுத்துவிட்டார். மேரி மாதா, குழந்தை ஏசு என ஐரோப்பா நூற்றாண்டுகளாக வரைந்த அதே காட்சி. இங்கே மடியில் வெறும் ஓட்டை.

படம் மாறினா போதுமா?

ஃப்ளாய்ட் மரணத்துக்குப் பிறகான விவாதம் இந்தியாவையும் தொட்டது. 1975-ல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' கிரீம் 2020-ல் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. பெயர் மாறிய பிறகும், பெண் பார்க்கப் போற இடத்தில் "பொண்ணு கலரா?" என்ற கேள்வி மாறவில்லை.

இங்கே இன்னொன்றும் இருக்கு. அமெரிக்காவில் நிறம் செய்ததை நம்மூரில் பெரும்பாலும் செய்வது சாதி. இரண்டும் ஒன்றல்ல, ஒரே சாதிக்குள்ளேயே எல்லா நிறமும் உண்டு. ஆனால் யார் முகம் சாமி முன்னால் வரலாம் என்ற கேள்வி இரண்டுக்கும் பொது. இதே திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில், சுமார் 80 ஆண்டுகளாக முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போக முடியாமல் இருந்த பட்டியலின மக்கள், 2023 ஜனவரி 30 அன்றுதான் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போய்க் கும்பிட்டார்கள். படத்தில் இடம் கிடைப்பதும் வாசலில் வழி கிடைப்பதும் வேறு வேறு போராட்டங்கள்.

அண்ணாமலையார் கதையில் சிவன் அடியும் முடியும் தெரியாத நெருப்புத் தூணாக நின்றவர். அதற்கு முகமும் இல்லை, தோலும் இல்லை. நிறத்தைத் தந்தது வரைந்தவர்கள் கற்ற பாணியும், வாங்கியவர்களின் விருப்பமும்தான். அதனால் இன்னொருவர் வேறு நிறத்தில் வரைந்தால், அது சாமியை மாற்றுவது ஆகாது. நம் பழக்கத்தைத்தான் மாற்றும்.