வெள்ளைக் குதிரையில் வந்த எமன்

எங்கட எமதர்மராசா எருமைக்கடாவில், பாசக்கயிற்றோடு வருபவர். மேல்நாட்டாரின் எமன் வேறு மாதிரி. வெறும் எலும்புக்கூடு, கையில் புல்லு வெட்டும் நீண்ட அரிவாள், ஏறி வருவது வெளிறிய குதிரை. அப்படி ஒரு எமனை ஹட்சன் ஆற்றுக்கு அங்கால், நியூ யோர்க்கில் இருந்த ஓவியர் ஒருவர் கீறி வைத்திருக்கிறார்.

அவர் பெயர் அல்பேர்ட் பிங்கம் ரைடர். 1847 இல் நியூ பெட்போர்ட் என்ற துறைமுகப் பட்டினத்தில் பிறந்தவர். கண்ணால் கண்டதை விட, மனக்கண்ணில் தெரிந்ததைத்தான் கூடுதலாகக் கீறினார். ஒரே படத்தை வருடக்கணக்காகத் திருத்துவார். காயமுதலே மேலே மேலே வர்ணம் பூசியதால் அவருடைய படங்கள் கனக்க வெடித்தும் கறுத்தும் போய்விட்டன.

இவரின் தமையனுடைய ஹோட்டலில் ஒரு வெயிட்டர் வேலை செய்தார். ரைடருக்குச் சிநேகிதம். 1888 இல் புரூக்ளினில் ஒரு பெரிய குதிரைப் பந்தயம். அந்த மனுசன் சிறுகச் சிறுகச் சேர்த்த 500 டொலரையும் ஹனோவர் என்ற குதிரையில் கட்டிவிட்டார். ஹனோவர் தோற்றுப்போனது. செய்தி அறிந்ததும் ரைடருக்கு அந்த வெயிட்டரின் நினைவாகவே இருந்தது. மறுநாள் காலமை ஹோட்டலுக்குப் போனார். முதல்நாள் பின்னேரமே அவர் தன்னைத்தானே சுட்டு இறந்துவிட்டார் என்றார்கள்.

அந்தத் துக்கம்தான் பிறகு 'பந்தயத் திடல்' என்ற படமாகியது. படத்தில் சனமில்லை, வேறு குதிரையும் இல்லை. வட்டத் திடலில் எமன் தனியே ஓடுகிறான். அதுவும் அமெரிக்கப் பந்தயக் குதிரைகள் ஓடும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக. ஒரு பட்டமரம், முன்னால் நெளியும் ஒரு பாம்பு. வட்டத்தில் ஓடுகிறவனுக்கு முடிவு ஏது? ரைடர் 1917 இல் காலமானார். படம் கிளீவ்லாந்து அரும்பொருளகத்தில் இருக்கிறது.

வாசகர்களே, கோப்பை கழுவியும் மெசினோடு மல்லுக்கட்டியும் சேர்க்கிற காசின் அருமை எங்களுக்குத் தெரியும். லொத்தரிலும் அட்லாண்டிக் சிற்றி கசினோவிலும் அதை விட்டவர்கள் எங்களுக்குள்ளும் உண்டு. காசு போனால் திரும்ப உழைக்கலாம். ஆனால் விட்டவன் வெட்கத்தில் வாய் திறக்கமாட்டான். ஆகவே அவனை நினைத்துக் கவலைப்பட்டால் மட்டும் போதாது, விடியட்டும் என்று இருக்காமல் அண்டைக்கே போய்க் கதவைத் தட்டுங்கோ.