உறக்கத்தில் பல் கடித்தல்: பல் காப்பு எதைக் காக்கும், எதைக் காக்காது

உறக்கத்தின்போது தம்மையறியாமல் மேற்பற்களையும் கீழ்ப்பற்களையும் இறுகக் கடிப்பதும், அவற்றை ஒன்றோடொன்று உரசி அரைப்பதும் மருத்துவத்தில் ‘ப்ரக்ஸிசம்’ எனப்படுகிறது. வீடுகளில் இதனைப் ‘பல்லை நறநறவென்று கடிப்பது’ என்பர். பெரியவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரிடம் இது காணப்படுகிறது. குழந்தைகளிடம் இதைவிட அதிகமாகவும் முதியவர்களிடம் குறைவாகவும் உள்ளது.

பல் கடிக்கும் அனைவருக்கும் சிகிச்சை தேவைப்படுவதில்லை. எப்போதாவது, மெல்லிய அளவில் கடிப்பவர்களுக்குப் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில், வலுவாகக் கடிப்பவர்களின் பற்கள் தேய்கின்றன, விரிசல் விடுகின்றன, சில வேளைகளில் உடைந்தும் போகின்றன. தேய்ந்த எனாமல் மீண்டும் வளராது. எனவே, சேதம் தொடங்கிய நிலையிலேயே பற்களைக் காக்க வேண்டும்.

இதற்காகப் பல் மருத்துவர்கள் பரிந்துரைக்கும் கருவியே பல் காப்பு. ‘நைட் கார்டு’ என்றும் இதனைக் கூறுவர். இது பற்களைக் காக்கிறது. பல் கடிக்கும் செயலைக் குணப்படுத்துவதில்லை. இவ்வேறுபாட்டை அறிந்து பயன்படுத்துவோரே இக்கருவியால் முழுப் பயன் பெறுவர்.

உறக்கத்தில் நிகழ்வது என்ன?

விழித்திருக்கும்போது, வாய் ஓய்வு நிலையில் இருந்தால் மேற்பற்களும் கீழ்ப்பற்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. அவற்றிடையே ஏறத்தாழ 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். உணவை மெல்லும்போதும் விழுங்கும்போதும் மட்டுமே அவை சிறிது நேரம் தொட்டுக்கொள்ளும்.

உறக்கத்தில் மூளை அவ்வப்போது சில நொடிகளுக்கு விழிப்பு நிலையை நெருங்கி, மீண்டும் உறக்கத்தில் ஆழ்கிறது. இந்தக் குறுவிழிப்பு எல்லோருக்கும் நிகழ்வதே. பல் கடிப்பவர்களுக்கு இதையொட்டி இதயத் துடிப்பு சற்று விரைவடைந்து, மெல்லும் தசைகள் சீரான இடைவெளியில் சுருங்கி விரிகின்றன. ஆழ்ந்த உறக்கத்தைவிட மேலோட்டமான உறக்க நிலைகளில்தான் இது மிகுதியாக நிகழ்கிறது. விழித்திருக்கையில் கடினமான பொருளைக் கடிக்க நேர்ந்தால் வலியை உணர்ந்து உடனே நிறுத்திவிடுவோம். உறக்கத்தில் அந்தத் தற்காப்பு மங்கிவிடுவதால், பற்களின் மீது மிகையான விசை விழுகிறது.

பற்களுக்கு நேரும் சேதம்

எனாமல் மனித உடலின் மிகக் கடினமான பொருள். எனினும், கடைவாய்ப் பற்களின் முகடுகளில்கூட அதன் தடிமன் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் மட்டுமே. அதனை உருவாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுவதால், உடலால் புதிய எனாமலை உருவாக்க இயலாது. எனாமல் தேய்ந்தபின் வெளிப்படும் டென்டின் என்னும் உள்ளடுக்கு மென்மையானது. ஆகவே, அதன் பிறகு தேய்மானம் விரைவுபடுகிறது. குளிர்ந்த நீர் பட்டாலே பல் கூசத் தொடங்குகிறது.

வேர்ச் சிகிச்சை செய்யப்பட்ட பற்கள், பெரிய அளவில் அடைக்கப்பட்ட பற்கள், பீங்கான் ‘கேப்’ பொருத்தப்பட்ட பற்கள் ஆகியவை எளிதில் உடையக்கூடியவை. வேர் வரை பிளந்துவிட்ட பல்லைப் பெரும்பாலும் அகற்றத்தான் வேண்டியிருக்கும்.

அறிகுறிகள்

உறங்குபவர் தாம் பல் கடிப்பதை அறிய வாய்ப்பில்லை. உடன் உறங்குபவரே ஒலியை முதலில் கேட்கிறார். ஒலி எழுப்பாமல் இறுகக் கடிப்பவர்களும் உண்டு. கீழ்க்கண்டவற்றுள் ஒன்றோ பலவோ தொடர்ந்து இருந்தால் கவனம் தேவை.

• காலையில் எழும்போது தாடையில் இறுக்கம், களைப்பு அல்லது வலி
• விழித்தவுடன் நெற்றிப்பொட்டின் இருபுறமும் மந்தமான தலைவலி
• வெட்டுப்பற்களும் கோரைப்பற்களும் முனை மழுங்கித் தட்டையாதல்
• பற்கூச்சம், பல் ஓரங்கள் சிதறுதல், பல் அடைப்பு அடிக்கடி பெயர்தல்
• கன்னத்தின் உட்புறம் வெண்ணிறக் கோடு, நாக்கின் ஓரத்தில் பற்களின் பதிவு
• கன்னத்திலுள்ள மெல்லும் தசை பருத்து, முகம் சதுர வடிவமாகத் தோன்றுதல்
• வாயைத் திறக்கும்போது தாடை மூட்டில் ‘டக்’ என்ற ஒலி, வலி அல்லது பூட்டிக்கொள்வது போன்ற உணர்வு

நாள்தோறும் காலையில் வரும் தலைவலிக்கு வலிநிவாரணி மாத்திரையைத் தாமாகவே மாதக்கணக்கில் உட்கொள்ள வேண்டாம். அவ்வாறு உட்கொள்வது காரணத்தை மறைக்கும். இரைப்பைக்கும் சிறுநீரகத்திற்கும் கேடு விளைவிக்கலாம். அடிக்கடி உட்கொண்டால் அம்மாத்திரையாலேயே தலைவலி தொடரவும் கூடும்.

காரணங்கள்

ஒரே காரணம் என்று எதையும் சுட்ட இயலாது. பல காரணிகள் சேர்ந்தே இதனை உண்டாக்குகின்றன அல்லது அதிகப்படுத்துகின்றன.

மன அழுத்தமும் பதற்றமும்: தேர்வு, கடன், பணிச்சுமை, குடும்பச் சிக்கல் போன்ற காலங்களில் கடிப்பது அதிகரிக்கலாம்.

பழக்கங்கள்: புகைபிடித்தல், மது, மாலைக்குப் பின் அருந்தும் காபி, தேநீர் ஆகியவை உறக்கத்தைக் குலைத்துப் பல் கடிப்பதைக் கூட்டுகின்றன.

மருந்துகள்: மனச்சோர்வுக்கும் பதற்றத்திற்கும் தரப்படும் ஃபுளூஆக்ஸெடின், செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்துகளால் சிலருக்கு இது தோன்றலாம். இதற்காக அம்மருந்தை நீங்களாகவே நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்துவதால் தலைசுற்றல், அமைதியின்மை ஆகியவை ஏற்படலாம்; மூல நோயும் திரும்பலாம். மருத்துவரிடம் கூறினால் அளவையோ மருந்தையோ அவர் மாற்றியமைப்பார்.

உறக்க மூச்சுத்தடை: பலத்த குறட்டை, உறக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுதல், பகலில் அடக்க முடியாத தூக்கம் ஆகியவை இருந்தால், பல் கடிப்பதோடு மூச்சுத்தடையும் இருக்கக்கூடும். இது இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் பாதிக்கும் நோய்.

மரபு: பெற்றோருக்கு இருப்பின் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு கூடுதல்.

பற்கள் சரியாகப் பொருந்தாததே காரணம் என்று முன்னர் கருதப்பட்டது. இன்றைய ஆய்வுகள் அதனை ஆதரிக்கவில்லை. எனவே, பல் கடிப்பதை நிறுத்துவதற்கென்று நல்ல பற்களை இராவிச் சமப்படுத்துவது முறையான சிகிச்சையாகாது. இராவிய எனாமலும் மீண்டும் வளராது.

பல் காப்பு எவ்வாறு உதவுகிறது?

பல் காப்பு ஒரு வரிசைப் பற்களின் மீது, பெரும்பாலும் மேற்பற்களின் மீது, அணியப்படும் மெல்லிய உறை. நீங்கள் பல் கடிக்கும்போது பல்லோடு பல் உரசாமல், எதிர்ப்பல் இந்த உறையின் மீது உரசுகிறது. பல் தேய்வதற்கு மாறாக உறை தேய்கிறது. ஒரே பல்லின் மீது விழும் விசை எல்லாப் பற்களுக்கும் பகிரப்படுகிறது. பலருக்குத் தாடை வலியும் காலைத் தலைவலியும் இதனால் தணியக்கூடும்.

எனினும், காப்பு அணிந்தவர்களும் பெரும்பாலும் கடித்துக்கொண்டுதான் இருப்பர். பல் கடிக்கும் செயலையே இக்கருவி குணப்படுத்துகிறது என்று கூறுவதற்குப் போதிய சான்று இல்லை என்றும், பல் தேய்மானத்தைப் பொறுத்தவரை ஓரளவு நன்மை இருக்கலாம் என்றும் 2007ஆம் ஆண்டில் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு தெரிவித்தது. எனவே, சில மாதங்களில் உறையின் மீது கீறலும் பள்ளமும் தோன்றினால் கருவி பயனற்றது என்று எண்ண வேண்டாம். உங்கள் பல்லில் விழவேண்டிய தேய்மானமே அது.

வகைகள்

கடினக் காப்பு: அக்ரிலிக் பொருளால், உங்கள் பற்களின் அளவுக்கேற்ப ஆய்வகத்தில் செய்யப்படுவது. வலுவாகக் கடிப்பவர்களுக்கு ஏற்றது, நெடுநாள் உழைக்கும், தேவைக்கேற்பத் திருத்தலாம்.

மென் காப்பு: ரப்பர் போன்ற நெகிழ்வுள்ளது. அணிவதற்கு எளிது, விரைவில் கிழியும். சிலர் இதனை மெல்லத் தொடங்குவதால் தசைகளின் இறுக்கம் கூடவும் வாய்ப்புண்டு.

ஈரடுக்குக் காப்பு: பல்லைத் தொடும் உட்புறம் மென்மையாகவும், எதிர்ப்பல் படும் வெளிப்புறம் கடினமாகவும் இருக்கும்.

வெந்நீரில் இட்டுக் கடித்துப் பொருத்தும் ஆயத்தக் காப்பு: மருந்துக் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் கிடைப்பது. விலை குறைவு. ஆயினும் சரியாகப் பொருந்தாமல் கழன்றுவிடலாம், ஈறைப் புண்ணாக்கலாம், தாடை மூட்டு வலியை அதிகப்படுத்தலாம். நிலையான தீர்வாக இதனைக் கொள்ள வேண்டாம்.

முன்பற்களை மட்டும் மூடும் சிறு கருவிகளைப் பல் மருத்துவரின் கண்காணிப்பின்றிப் பயன்படுத்தக் கூடாது. மூடப்படாத பின்பற்கள் நாளடைவில் மேலெழுந்து கடிவாய் மாறிவிடலாம். சிறு கருவி உறக்கத்தில் கழன்று தொண்டைக்குள் செல்லும் அபாயமும் உண்டு. விளையாட்டு வீரர்கள் அணியும் வாய்க்காப்பும் பல் காப்புக்கு மாற்றாகாது.

காப்பு செய்யப்படும் முறை

முதலில் பல் மருத்துவர் பற்கள், ஈறுகள், தாடை மூட்டு ஆகியவற்றைப் பரிசோதிப்பார். சொத்தை, ஈறு நோய் ஆகியவை இருந்தால் அவற்றுக்கு முதலில் சிகிச்சை பெற வேண்டும். காப்பு செய்த பின் புதிய ‘கேப்’ பொருத்தினாலோ பல்லை அடைத்தாலோ அது பொருந்தாமல் போகலாம்.

பின்னர் அல்ஜினேட் என்னும் பசையைக் கொண்டு பற்களின் அச்சு எடுக்கப்படும். சில இடங்களில் கணினி ஸ்கேனர் பயன்படுத்தப்படுகிறது. அந்த அச்சைக் கொண்டு ஆய்வகத்தில் காப்பு செய்யப்படும். அடுத்த வருகையில் அதனை அணிவித்து, எல்லாப் பற்களும் ஒரே சீராக அதன் மீது படுகின்றனவா என்று வண்ணத்தாள் கொண்டு பார்த்துத் திருத்துவர். இத்திருத்தமே ஆயத்தக் காப்பில் கிடைக்காதது. சில வாரங்களில் மறுபரிசோதனைக்குத் தவறாமல் செல்லவும்.

பயன்படுத்தும் முறையும் பராமரிப்பும்

• படுக்கைக்குச் செல்லுமுன் பல் துலக்கிய பிறகே அணியவும்.
• முதல் சில நாட்கள் உமிழ்நீர் மிகுதியாகச் சுரக்கலாம். பற்களில் இறுக்கம் தோன்றலாம். பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் பழகிவிடும்.
• காலையில் கழற்றியவுடன் குளிர்ந்த நீராலும் மென்மையான தூரிகையாலும் தூய்மை செய்யவும். வெந்நீர் கருவியின் வடிவத்தைக் கெடுக்கும். பற்பசை அதன் மேற்பரப்பைக் கீறி, கிருமிகள் தங்க இடமளிக்கும்.
• காற்றுத் துளைகளுள்ள பெட்டியில் வைக்கவும். நீரில் இட்டு வைக்குமாறு மருத்துவர் கூறியிருந்தால் அவ்வாறே செய்யவும்.
• வெயிலிலும் அடுப்பருகிலும் வைக்க வேண்டாம். பிறருடைய காப்பை அணிய வேண்டாம்.
• ஒவ்வொரு பல் பரிசோதனைக்கும் காப்பை உடன் எடுத்துச் செல்லவும். விரிசலோ துளையோ தோன்றினால் மாற்றிக்கொள்ளவும்.
• காலையில் கழற்றிய பின் பற்கள் வழக்கம்போல் பொருந்தாத உணர்வு நாள் முழுவதும் நீடித்தாலோ, தாடை வலி கூடினாலோ, அணிவதை நிறுத்திவிட்டுப் பல் மருத்துவரை அணுகவும்.

காப்பு அணியுமுன் மருத்துவரிடம் கூற வேண்டியவை

பலத்த குறட்டையோ உறக்க மூச்சுத்தடைக்கான அறிகுறிகளோ இருந்தால் முதலில் அதற்கான பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். மேற்பற்களில் அணியும் காப்பினால் சிலருக்கு மூச்சுத்தடை கூடலாம். அவர்களுக்குக் கீழ்த்தாடையைச் சற்று முன்னே நிறுத்தும் வேறு வகைக் கருவியோ, மூச்சுக்குழலைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியோ பொருத்தமாக இருக்கும். வலிப்பு நோய், நெஞ்செரிச்சல், தாடை விலகிய அனுபவம், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றையும் தவறாமல் தெரிவிக்கவும்.

குழந்தைகளும் பல் கடித்தலும்

குழந்தை பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி இருக்கிறது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. பூச்சித்தொற்றே இதற்குக் காரணம் என்பது உறுதிசெய்யப்படவில்லை. தேசியக் குடற்புழு நீக்க நாட்களில் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரப்படும் அல்பெண்டசோல் மாத்திரையைக் குழந்தைக்குக் கட்டாயம் கொடுக்கவும். இரத்தசோகையையும் ஊட்டச்சத்துக் குறைவையும் தடுக்க அது அவசியம். ஆனால், பல் கடிப்பது நிற்கவில்லை என்பதற்காக மீண்டும் மீண்டும் பூச்சி மருந்து வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

பெரும்பாலான குழந்தைகளிடம் இப்பழக்கம் வளர வளரத் தானே மறைந்துவிடும். தாடை வளர்ந்துகொண்டும் பற்கள் விழுந்து முளைத்துக்கொண்டும் இருப்பதால் அவர்களுக்குப் பொதுவாகக் காப்பு தரப்படுவதில்லை. குழந்தை வாயால் மூச்சு விட்டாலோ நாள்தோறும் குறட்டை விட்டாலோ, உள்நாக்குச் சதையும் மூக்கின் பின்புறச் சதையும் வீங்கியுள்ளனவா என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டவும். பல் கடிப்பதற்காகக் குழந்தையைத் திட்டவோ அடிக்கவோ கூடாது. அது அதன் கட்டுப்பாட்டில் இல்லை.

காப்புடன் சேர்த்துச் செய்ய வேண்டியவை

• பகலில் பற்களை இறுக்கிக் கொண்டிருக்கிறீர்களா என்று அவ்வப்போது கவனிக்கவும். உதடுகள் சேர்ந்தும் பற்கள் பிரிந்தும் இருப்பதே சரியான ஓய்வு நிலை.
• மாலைக்குப் பின் காபி, தேநீர் தவிர்க்கவும். புகையையும் மதுவையும் கைவிடவும்.
• நாள்தோறும் ஒரே நேரத்தில் உறங்கச் செல்லவும். உறங்குமுன் கைப்பேசியை ஒதுக்கி வைக்கவும்.
• தாடை வலிக்கும் நாட்களில் முறுக்கு, கரும்பு, சூயிங்கம் போன்றவற்றைத் தவிர்த்து, வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கவும்.
• மன அழுத்தம் மிகுந்திருந்தால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

எங்கே, எப்போது அணுகுவது?

பல் கூசினாலோ உடைந்தாலோ, காலைத் தலைவலி வாரக்கணக்கில் தொடர்ந்தாலோ, வாயை முழுமையாகத் திறக்க இயலாவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். பல் மருத்துவப் பிரிவுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்கள், வட்ட மருத்துவமனைகள், மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் ஆகியவற்றில் பரிசோதனை பெறலாம். காப்பு செய்துகொள்ளும் வசதி அங்கு உள்ளதா என்று கேட்டறியவும். இல்லையெனில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரை பெறலாம்.

பல் காப்பு வாங்கிவிட்டதோடு சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. இரவுதோறும் காப்பை அணிந்து பற்களைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். பல் கடிப்பதைத் தூண்டும் காரணத்தையும் மருத்துவர் துணையுடன் கண்டறிந்து சரிசெய்யுங்கள்.