சிப்பாய் ஓட்டிய அச்சுப்பொறி

1711இல் லண்டனிலிருந்து தரங்கம்பாடிக்கு ஓர் அச்சுப்பொறி கப்பலேறியது. அனுப்பியது எஸ்.பி.சி.கே. என்னும் ஆங்கிலேயக் கிறிஸ்தவக் கழகம். கேட்டு வாங்கியவர் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு. பொறியை ஓட்டத் தெரிந்த ஜெர்மானியத் தொழிலாளி யோனாஸ் ஃபிங்கும் கூடவே வந்தார்.

வழியில் கப்பல் ரியோ டி ஜெனிரோ துறைமுகத்தில் நின்றது. அந்த நேரம் பார்த்துப் பிரெஞ்சுத் தளபதி துகே-த்ரூவின் அந்த நகரத்தைப் பிடித்தார். கப்பலும் சரக்கும் சிக்கிக்கொண்டன. மீட்புப் பணம் கொடுத்துத்தான் கிளம்ப முடிந்தது. அதே கப்பலில் பயணம் செய்த ஜோசப் காலெட் பின்னாளில் சென்னை ஆளுநர் ஆனார். ஃபிங்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நன்னம்பிக்கை முனைக்கருகே காய்ச்சல் கண்டு இறந்துபோனார். 1712இல் பொறி வந்து சேர்ந்தது, ஓட்ட ஆள் இல்லாமல்.

ஆள் தரங்கம்பாடியிலேயே இருந்தார். டேனியக் கம்பெனியின் காவற்படையில் துப்பாக்கி தூக்கிய யோஹான் ஹைன்ரிக் ஷ்லோரிக்கே என்ற ஜெர்மானியச் சிப்பாய்க்கு அச்சுத் தொழில் தெரியும். பாதிரிமார்கள் அவரைப் பொறியின் முன் நிறுத்தினார்கள்.

இதைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. கீழை நாடுகளில் சொந்தக் கோட்டை எதுவும் ஜெர்மானியருக்கு அப்போது கிடையாது. பிழைப்புத் தேடிய தையல்காரனும் கொல்லனும் ஆம்ஸ்டர்டாமுக்கோ கோபன்ஹேகனுக்கோ போய், ஏதாவது ஒரு கம்பெனியில் சிப்பாயாகக் கையெழுத்துப் போட்டான். 1613இல் டச்சுக்காரர் கெல்ட்ரியா கோட்டை கட்டிய நம் பழவேற்காட்டின் கதையும் இதுதான். டச்சுக் கம்பெனியின் படையில் ஜெர்மானியர் ஏராளம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, கற்ற தொழில் ஒன்றிருக்க வேறொரு வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு ஷ்லோரிக்கேயைப் புரிந்துகொள்வது கடினமில்லை.

அந்த வேலை லேசானதல்ல. ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி, தலைகீழாகப் படித்துக்கொண்டே கோக்க வேண்டும். தோலுக்குள் கம்பளி அடைத்த மைப்பந்துகளால் எழுத்துகளின் மேல் ஒரே சீராக மை ஒற்ற வேண்டும். தாளை முன்கூட்டியே ஈரப்படுத்தி வைக்க வேண்டும். காய்ந்த தாளில் மை சரியாகப் பிடிக்காது. பிறகு உடம்பின் பலம் முழுவதையும் கொடுத்து நெம்புகோலை இழுக்க வேண்டும். மை கூடினால் எழுத்து அப்பிக்கொள்ளும், குறைந்தால் பாதி எழுத்து விழாது. கை பழகியவன் இல்லாவிட்டால் பொறி வெறும் மரச்சட்டம்தான்.

முதலில் அச்சானவை போர்ச்சுகீசிய மொழி நூல்கள். வந்த எழுத்துகள் ரோமன் எழுத்துகள், கடற்கரை ஊர்களில் வணிகப் பேச்சும் அந்த மொழியில்தான். தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713இல் அட்லர் என்ற எழுத்து வார்ப்பவரோடும் அவர் தம்பியோடும் வந்தன. அவை பருமனாக இருந்ததால் தாளைத் தின்றன. எனவே அட்லர் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார். இங்கிலாந்திலிருந்து வந்த செஷயர் பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈயத்தை உருக்கியதாக அச்சு வரலாற்று நூல்கள் சொல்கின்றன. பொறையாற்றில் காகித ஆலையும் போட்டுப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் வெளிவந்தன. 1578இலேயே கொல்லத்தில் தமிழ் அச்சேறியிருந்தது உண்மை. ஆனால் அந்த முயற்சி நீடித்து நிலைக்கவில்லை. தரங்கம்பாடியில் பற்றிய தமிழ் அச்சு பிறகு அணையவில்லை.

அது சென்னைக்கு வந்த வழியில் பழவேற்காடும் உண்டு. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது, ஃபாப்ரிசியஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார் டச்சுக்காரர் வசமிருந்த பழவேற்காட்டில்தான் தஞ்சம் புகுந்தார். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோதும் அங்கேதான் ஓடினார். 1761இல் நிலைமை தலைகீழானது. ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து, அங்கிருந்த அச்சுப்பொறி ஒன்றைக் கொண்டுவந்து அவரிடம் ஒப்படைத்தார்கள். ரியோவில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கியது ஒரு பொறி. பிரெஞ்சுக்காரர் கையை விட்டுப் போனது இன்னொன்று. வேப்பேரி அச்சகத்தின் தொடக்கம் அதுதான். 1779இல் ஃபாப்ரிசியஸின் தமிழ்–ஆங்கில அகராதி வேப்பேரியில் அச்சானது. திருத்திய பதிப்புகளாக இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

அச்சு வரலாற்றில் சீகன்பால்குக்கும் ஃபாப்ரிசியஸுக்கும் உரிய இடம் கிடைத்துவிட்டது. ஷ்லோரிக்கேக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரே ஒரு வரி. அது போதாது என்பதுதான் என் கட்சி. பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பள்ளிகளின் ஆசிரியர்கள் பிள்ளைகளைப் பழவேற்காட்டு டச்சுக் கல்லறைக்கு அழைத்துப் போகிறீர்கள். வணிகர்களையும் ஆளுநர்களையும் பற்றிச் சொல்லும்போது, கைத்தொழிலோடு கடல் கடந்து வந்த சிப்பாய்களைப் பற்றியும் சொல்லுங்கள். அவர்களில் ஒருவன் தமிழகத்தில் அச்சுப்பொறியை ஓட்டினான் என்று பெயர் சொல்லியே சொல்லுங்கள்.