ஒளிமிகு இரவும் மகப்பேறும்

1882ஆம் ஆண்டு செப்டெம்பரிலே நியூயோர்க் நகரின் பேர்ள் தெருவில் எடிசனின் மின்னிலையம் இயங்கத் தொடங்கிற்று. நகரத்து இரவு வெளிச்சமாயிற்று. அவ்வெளிச்சம் உடலினுள் எதனைத் தீண்டுகின்றதென்பது முக்கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே தெரியலாயிற்று.

1958இல் யேல் பல்கலைக்கழகத்துத் தோல்நோய் மருத்துவர் ஆரன் லேர்னர், மாடுகளின் மூளையிலுள்ள கூம்புச் சுரப்பியிலிருந்து மெலற்றோனின் என்னும் சுரப்புநீரைப் பிரித்தெடுத்தார். அவர் நாடியது தோல்நிறம் மாறும் நோய்க்கு மருந்தே. மகப்பேற்றை அவர் எண்ணினாரல்லர். இச்சுரப்பு இருளிற் பெருகுவது. கடும் ஒளி மனிதரிடத்தும் அதனை அடக்கிவிடுமென 1980இல் அல்பிரட் லூவி குழுவினர் காட்டினர்.

பேற்றுநோ பெரும்பாலும் இரவிலே தொடங்குமென மருத்துவிச்சிகள் நெடுங்காலமாய் அறிவர். காரணமும் ஓரளவு புலனாயிற்று: கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஒக்சிற்றோசினுக்கு மெலற்றோனின் துணைநிற்கின்றது. பிரசவ அறையில் விடியும்வரை எரியும் விளக்கு அத்துணையைக் குறைக்கக்கூடும். ஆயினும் இருட்டிலே மருத்துவம் பார்க்க இயலுமா?

அறை விளக்கையேனும் தணிக்கலாம்; வானிற் படர்ந்த நகரொளியை யார் தணிப்பார்? 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, அவ்வொளி மிகுமிடத்துக் குறைமாதப் பிறப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 13 கூடக்கூடுமெனக் கணித்தது. கணித்தவர் மருத்துவரல்லர், பொருளியலறிஞர். தாய்மாரின் உறக்கக் குறைவையே அவர்கள் காரணமாய்ச் சுட்டினர்.